பத்து வருடம் படித்த ஆங்கிலம் பத்து நிமிடம் பேச வரவில்லையே!

(ஒரகடம் கூட்டுச்சாலை அருகே நடைபெற்ற மாணவர் - வணிகர் சந்திப்பில், அப்பகுதி ஹார்டுவேர் வணிகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

எனக்கு முன்னால் பேசியவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் கல்வியாளன் அல்ல. பெயிண்டும் ஆணியும் கையுறையும் விற்கிறவன். ஆகவே சிறப்பைப் பற்றிப் பேசப் போவதில்லை. நஷ்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது வியாபாரிக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

எங்கள் தெருவில் ஒரு பையன். ஐடிஐயில் ஃபிட்டர் முடித்தவன். நல்ல கைவேலைக்காரன், என் கடை ஷட்டர் மாட்டிக்கொண்டால் அவனைத்தான் கூப்பிடுவேன். இந்த வட்டாரத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையிலிருந்து அவனுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தது. ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று, 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்ற கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்தான். மை நேம் இஸ் இன்னது, மை ஃபாதர் இஸ் இன்னார், மை ஹாபி இஸ் ப்ளேயிங் கிரிக்கெட். அந்தக் கேள்வியும் வந்தது. ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துவிட்டான். எதிரே இருந்தவர் நல்ல மனிதர் போலும். பையனின் பயத்தைப் போக்குவதற்காகச் சின்னதாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: 'ஹௌ டிட் யூ கம் ஹியர் டுடே?' இன்று இங்கே எப்படி வந்தாய்? அவ்வளவுதான். இவன் காதில் 'ஹௌ' மட்டும் விழுந்தது. 'ஃபைன் சார், தேங்க் யூ சார்' என்றான்.

சிரிக்காதீர்கள். அவன் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருந்தான். ஷேர் ஆட்டோ என்பதே ஆங்கிலம்தானே! அந்த இரண்டு சொற்களைச் சொல்லியிருந்தால் போதும். தினமும் நூறு முறை நாம் சொல்கிற சொற்கள். அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை.

இன்று அவன் அதே தொழிற்சாலைக்குத்தான் போகிறான். ஒப்பந்தக்காரர் மூலமாக, ஹெல்பராக. அதே வாசல், ஆனால் வேறு நிறச் சட்டை, வேறு சம்பளம். நேர்முகத் தேர்வில் தோற்றதற்கு ஆங்கிலம் ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அவன் அப்படித்தான் நம்புகிறான். அந்த நம்பிக்கை அவனைக் குனிய வைத்துவிட்டது.

இப்போது நம்முடைய ஊரைப் பாருங்கள். 1996-ல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை, 2012-ல் டைம்லர் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஏரியும் வயலுமாக இருந்த கிராமங்களில் இன்று கொரியர் நடக்கிறார், ஜப்பானியர் நடக்கிறார், ஜெர்மானியர் நடக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நம் டீக்கடைகளில் நிற்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் அளவுக்குக் குடியிருப்புக் கட்டித் திறந்திருக்கிறார்கள். நாம் உலகத்தைத் தேடிப் போகவில்லை. உலகம் நம் வாசலுக்கு வந்து நிற்கிறது. 'வாங்க' என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கொரிய இன்ஜினியருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஜப்பானியருக்கும் அல்ல. அவர்களும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, நம்மைப் போல உதை வாங்கிக் கற்றவர்கள்தான். இலக்கணம் அவர்களுக்கும் தவறும். 'யெஸ்டர்டே மெஷின் ஸ்டாப்' என்பார் ஒருவர். நேற்று மெஷின் நின்றது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. அவர் கூச்சப்படுவதில்லை. நாம்தான், 'ஸ்டாப்பா, ஸ்டாப்டா?' என்று மனதுக்குள் பட்டிமன்றம் நடத்திவிட்டு வாயை மூடிக்கொள்கிறோம்.

யார் வாயைக் கட்டியது?

நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாதா? தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே பாடம். பத்தாம் வகுப்பை முடிக்கும்போது பத்து வருடம் ஆகிவிடுகிறது. பொதுத்தேர்வில் ஆங்கிலத்திற்கு 100 மதிப்பெண்; அத்தனையும் எழுத்து. வாயைத் திறந்து பேசுவதற்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தான் பிள்ளை படிக்கும். ஆசிரியரும் அதைத்தான் நடத்த முடியும். இதில் யாரைக் குறை சொல்வது?

எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு மாணவன் ஆங்கிலத்தில் 87 வாங்கியவன். முதல் நாள், பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் ஒரு டம்ளர் தண்ணீர் ஆங்கிலத்தில் கேள் என்றோம். வியர்த்துவிட்டான். எழுதித் தரட்டுமா என்று கேட்டான்!

இரண்டாவது பூட்டை நாமே போட்டிருக்கிறோம். வீட்டில் ஒரு பிள்ளை தப்பும் தவறுமாக ஒரு வாக்கியம் பேசினால், 'வந்துட்டாரு வெள்ளைக்கார துரை' என்கிறோம். அண்ணன் சிரிக்கிறான், மாமா சிரிக்கிறார், அத்தா சிரிக்காமல் இருந்தாலும் தடுப்பதில்லை. ஒருமுறை சிரித்தால் போதும், அந்தப் பிள்ளை ஒரு வருடத்துக்கு வாயைத் திறக்காது. அதே அத்தா ஆங்கிலவழிப் பள்ளிக்கு வட்டியில்லாக் கடன் வாங்கியாவது ஃபீஸ் கட்டுகிறார்! பணம் கட்டி வாங்கிய சரக்கை வீட்டுக்குள் பிரிக்கவே கூடாது என்கிறோம். எந்த வியாபாரி இப்படிச் செய்வார்?

நம் முன்னோர்கள் இப்படி இருக்கவில்லை. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் கப்பலேறிய மரைக்காயர்களும் சூலியா வணிகர்களும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்தார்கள். பினாங்கில் 1801-ல் எழுந்த கபிதான் கெலிங் பள்ளிவாசல் அவர்களுடைய வாழ்வுக்கு இன்றும் சாட்சியாக நிற்கிறது. அவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் மலாய் படித்தார்கள்? கல்லாவில் உட்கார்ந்து படித்தார்கள். விலை சொல்லி, பேரம் பேசி, கடன் கேட்டு, கடனைத் திருப்பிக் கேட்டுப் படித்தார்கள். அந்தத் துறைமுகங்களில் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் சேர்ந்து பேசிய எளிய மலாய்க்கு இன்றைக்கும் 'பசார் மலாய்' என்றே பெயர். பசார் என்றால் வேறென்ன, நம்முடைய பஜார்தான். இலக்கணப் பண்டிதர்கள் அதை மதிக்கவில்லை. ஆனால் அதை வைத்துத்தான் வியாபாரம் நடந்தது.

அவ்வளவு தூரம் ஏன்? வளைகுடாவுக்குப் போன நம் சகோதரன், ஆறு மாதத்தில் கஃபீலிடம் அரபியில் பேசுகிறான். அறைக்கு வந்து மலையாளியிடம் மலையாளம் பேசுகிறான். இங்கே முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் உருது, தெருவில் தமிழ், காலையில் அரபி ஓதல். மூன்றைச் சுமக்கிற தலைக்கு நான்காவது பாரமா?

ஐம்பதா, பதினைந்தா?

என்னுடைய நஷ்டத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவிலிருந்து போன் வந்தது. பேசியவர் வடநாட்டவர். கையுறை வேண்டும், அவசரம் என்றார். எத்தனை பெட்டி என்று கேட்டேன். அவர் 'ஃபிஃப்டீன்' என்றார். எனக்கு 'ஃபிஃப்டி' என்று கேட்டது. 'ஓகே சார், ஓகே சார்' என்று நாலு தடவை சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதுதான். பாரிமுனைக்கு ஆள் அனுப்பி 50 பெட்டி எடுத்து வந்தேன். கேட்டில் 15 பெட்டியை இறக்கிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அந்த 35 பெட்டியை விற்றுத் தீர்க்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

அப்புறம்தான் விசாரித்தேன். ஃபிஃப்டீன் என்று சொல்லும்போது அழுத்தம் பின்னால் விழும்; ஃபிஃப்டி என்றால் முன்னால் விழும். தமிழில் இந்த மாதிரி அழுத்தத்தை வைத்து நாம் பொருளைப் பிரிப்பதில்லை. அதனால் நம் காது அதைப் பிடிப்பதில்லை. தேர்ட்டீன், தேர்ட்டி முதல் நைன்டீன், நைன்டி வரை இதே தகராறுதான். இதற்கு வழி இருக்கிறது. விமானிகள் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்: ஒன் ஃபைவ், ஃபைவ் ஜீரோ. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏன் அவ்வளவு கண்டிப்பு? 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானி ஆங்கிலத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை, கோபுரத்தில் இருந்த ஸ்பானியர் வேறு விதமாக எடுத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். இருவருக்குமே ஆங்கிலம் தாய்மொழி அல்ல. அதன் பிறகுதான் விமானப் பேச்சில் எந்தச் சொல்லை எப்போது சொல்லலாம் என்று இன்னும் இறுக்கினார்கள்.

ஆகவே பிள்ளைகளே, நான் உங்களுக்கு முதலில் சொல்லித் தருவது 'மை நேம் இஸ்' அல்ல. 'சாரி, ப்ளீஸ் சே தட் அகெய்ன்' என்பதுதான். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்பது. அடுத்தது, 'ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி.' மூன்றாவது, 'ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?' புரியாததற்கு 'ஓகே சார்' சொல்லாதே. அது ஆங்கிலம் அல்ல, பயம். என்னுடைய 35 பெட்டிகளும் அந்த 'ஓகே சார்' கொண்டுவந்ததுதான்.

வியாபாரி என்பதால் தவறுகளை நான் என் வழியில் தரம் பிரிக்கிறேன். 'ஹி டின்ட் கம்' என்பதற்குப் பதில் 'ஹி டின்ட் கேம்' என்றால் மதிப்பெண் போகும். விஷயம் போய்ச் சேரும். பதினைந்தை ஐம்பது என்றால் காசு போகும். இன்னொரு வகை இருக்கிறது, அதில் கையே போகும். பெங்களூர் நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: 'ஹைலி இன்ஃப்ளேமபிள்.' என் கடையில் தின்னர் டப்பாவிலும் அப்படி ஒரு சொல் இருக்கும். என்ன பொருள் என்று எங்கள் கூட்டத்தில் கேட்டோம். ஒரு மாணவன் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னான்: 'கரெக்ட்டுக்கு எதிர் இன்கரெக்ட். அப்படீன்னா ஃப்ளேமபிளுக்கு எதிர் இன்ஃப்ளேமபிள். தீப்பிடிக்காதது.' யோசித்துப் பாருங்கள்! இலக்கணத்தை ஒழுங்காகப் படித்தவன்தான் இங்கே மாட்டிக்கொள்கிறான். இன்ஃப்ளேமபிள் என்றாலும் ஃப்ளேமபிள் என்றாலும் எளிதில் தீப்பிடிக்கும் என்றுதான் பொருள். தீப்பிடிக்காதது நான்-ஃப்ளேமபிள். நாளைக்கு இந்தப் பையன் ஒரு பெயிண்ட் ஷாப்பில் வெல்டிங் கம்பியோடு நிற்கக் கூடும். இந்த ஒரு சொல்லை அவனுக்கு யார் சொல்லித் தருவது? பரீட்சையில் இது வராது.

மாடியில் நடப்பது

கையுறை நஷ்டத்துக்குப் பிறகு என் கடை மாடியில் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மஃரிபு வரை ஒரு கூட்டம் நடத்துகிறோம். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர். பன்னிரண்டாவது மாணவன் நான். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சார் எங்களை மேய்க்கிறார். இலவசம்தான், டீ மட்டும் என் கணக்கு.

அவர்தான் ஒரு விஷயம் சொன்னார். 1979 முதல் 1984 வரை, நம் தென்னிந்தியப் பள்ளிகளில், பெங்களூரிலும் சென்னையிலும், என்.எஸ். பிரபு என்ற அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். உலகம் முழுவதும் மொழி ஆசிரியர்கள் அதைப் 'பெங்களூர்த் திட்டம்' என்று இன்றும் படிக்கிறார்கள். 1987-ல் அதைப் பற்றி அவர் புத்தகமும் எழுதினார். அவர் செய்தது என்ன? இலக்கணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிள்ளைகளிடம் ஒரு ரயில் கால அட்டவணையையோ ஒரு வரைபடத்தையோ கொடுத்தார். இந்த ரயிலை விட்டால் அடுத்தது எப்போது, இங்கிருந்து அங்கே போக எது குறுக்கு வழி என்று ஆங்கிலத்தில் கணக்குப் போட வைத்தார். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து அதே மாதிரி ஒன்றைச் செய்து காட்டுவார். பிறகு பிள்ளை தனியாகச் செய்யும். புத்தி கணக்கில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்குகிறது என்பது அவருடைய வாதம். எனக்கு இதைக் கேட்டதும் பினாங்குக் கல்லாதான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் அதையே நம் ஊர்ச் சரக்கை வைத்துச் செய்கிறோம். ஒரு பிள்ளையிடம் விலைப்பட்டியல். இன்னொரு பிள்ளையிடம் வாங்க வேண்டிய சாமான் பட்டியலும் 2,000 ரூபாயும். ஒருவர் காகிதத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பேசித்தான் வாங்க வேண்டும். பணம் மிஞ்சினால் என்ன வாங்குவது என்பதையும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் ஷிப்ட் கணக்கு. காலை ஆறு மணி ஷிப்ட், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போக வேண்டும், பஸ் இந்த நேரத்துக்கு வரும், பள்ளிவாசலில் சுபுஹு தொழுகை இத்தனை மணிக்கு முடியும். எந்த பஸ்ஸைப் பிடிக்கலாம்? போன வாரம் இதற்கு ஒரு மாணவி சொன்ன பதில்: 'நோ பஸ். டெல் யுவர் ஃப்ரெண்ட். ஹி ஹேஸ் பைக்.' ஆசிரியர் முழு மதிப்பெண் கொடுத்தார்.

போன் பேசும் பயிற்சிக்கு இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போடுவோம். முகம் தெரியாது, கையை ஆட்டிச் சமாளிக்க முடியாது. வாய் ஒன்றுதான் கதி. எல்லாப் பயிற்சியிலும் இதுதான் கடினம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான்.

முதல் இரண்டு ஞாயிறு மௌன விரதம்தான். மூன்றாவது வாரம் ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி என்னிடம் திரும்பி, 'அங்கிள், யுவர் ஃபேன் இஸ் வெரி ஸ்லோ' என்றாள். அன்றிலிருந்து கூட்டம் ஓடுகிறது. ஃபேனும் மாற்றிவிட்டேன்.

எங்களிடம் ஒரே சட்டம்: யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அடுத்த ஐந்து நிமிடம் சிரித்தவர் பேச வேண்டும். நானே இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.

சார் சொல்லித் தந்ததில் எனக்கு மிகவும் உதவியது ஒன்று. தமிழில் வினை கடைசியில் வரும். 'நான் நாளைக்குக் காலையில் உங்கள் கம்பெனிக்குச் சரக்கு அனுப்புகிறேன்.' அனுப்புகிறேன் என்பது கடைசிப் பெட்டி. ஆங்கிலத்தில் அதுதான் இரண்டாவது பெட்டி: 'ஐ வில் செண்ட்.' நாம் முழு வாக்கியத்தையும் தமிழில் கட்டி முடித்துவிட்டு, அப்புறம் பின்னாலிருந்து பிரித்து ஏற்றுகிறோம். அதற்குள் எதிரே இருப்பவர் போனை வைத்துவிடுகிறார். ஆகவே யார், என்ன செய்கிறார், இந்த இரண்டை மட்டும் முதலில் வெளியே விடு: ஐ வில் செண்ட். ஐ நீட். ஹி இஸ் கமிங். வி டோன்ட் ஹேவ். மற்றது ஒவ்வொன்றாகப் பின்னால் வரட்டும்: சரக்கு, நாளை, காலை. இதைப் பழகிய பிறகு என் வாய் பாதி திறந்துவிட்டது.

இன்னொன்று மரியாதை. தமிழில் 'கொடுங்க' என்பதிலேயே மரியாதை உட்கார்ந்திருக்கிறது. அதை அப்படியே 'கிவ்' என்று மாற்றினால் மரியாதை கீழே விழுந்துவிடுகிறது. 'கிவ் வாட்டர்' என்று ஒரு பெரியவரிடம் சொன்னால் அது அதட்டல். நம் பிள்ளைகள் அடக்கமான பிள்ளைகள். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் முரடர்களாகத் தெரிகிறார்கள். 'குட் யூ கிவ் மீ' என்று தொடங்கி, 'ப்ளீஸ்' போட்டுக்கொண்டால் அந்த 'ங்க' திரும்ப வந்துவிடும்.

எத்தனை சொல் வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், எது அடிக்கடி பயன்படும் சொல் என்று பார்த்து 1953-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். சுமார் 2,000 சொற்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்த பாடப் புத்தகங்களில் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டிருக்கும். சரக்கு கோடவுனில் இருக்கிறது சகோதரர்களே, கவுன்டருக்கு வரவில்லை.

சில பெரியவர்கள் என்னிடம் கேட்டார்கள்: 'பாய், தமிழை விட்டுட்டு இதென்ன மோகம்?' தமிழை யார் விட்டது? கொரியர் வீட்டில் கொரிய மொழி, ஜப்பானியர் வீட்டில் ஜப்பானிய மொழி. தொழிற்சாலையையே அவர்கள் தாய்மொழியில்தான் கட்டி எழுப்பினார்கள். வெளியே வியாபாரத்துக்கு ஆங்கிலம் வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் பேசுகிறவன்தான் அறிவாளி என்று எவனாவது சொன்னால் அவனிடம் நான் தமிழிலேயே சண்டை போடுவேன்.

இந்தத் தயக்கம் நம்மிடம் புதியதும் அல்ல. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஆங்கிலக் கல்வியை அந்நியன் கல்வி என்று நம்மவர்கள் ஒதுக்கினார்கள். அந்தக் காலத்தில் இலங்கையில் சித்திலெவ்வை என்று ஒரு வழக்கறிஞர். கண்டியில் 1838-ல் பிறந்தவர். 1882-ல் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். 1885-ல் தமிழில் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவல் எழுதினார். தமிழுக்காகப் பத்திரிகை நடத்திய அவர்தான், முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னார். அவருக்குத் துணை நின்றவர் யார் தெரியுமா? எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் செய்து தோற்று, 1883-ல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா! ஆங்கிலேயர் பீரங்கியை நேரில் பார்த்த மனிதர். அவர்களும் வாப்பிச்சி மரைக்காயரும் சேர்ந்து 1892-ல் கொழும்பில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி ஆனது. எதிரியின் மொழி என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சொல்லவில்லை.

வணிகச் சகோதரர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளுக்காகத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். நன்கொடை கேட்கவில்லை. பயப்படாதீர்கள். உங்கள் கல்லாவைக் கேட்கிறேன். இந்தச் சாலையில் நம்மவர் கடைகள் எத்தனை! பிரியாணிக் கடை, மொபைல் கடை, மளிகை, செருப்புக் கடை, பழைய இரும்பு. வடநாட்டுத் தொழிலாளியும் வெளிநாட்டு இன்ஜினியரும் வந்து நிற்பது உங்கள் முன்னால்தான். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை ஒன்றைக் கவுன்டரில் நிறுத்துங்கள். வேலை வாங்காதீர்கள், பொட்டலம் கட்டச் சொல்லாதீர்கள், பேச மட்டும் விடுங்கள். பில்லைப் படித்துச் சொல்லட்டும். வெளியூர்ச் சப்ளையருக்கு ஒரு போனை அது பேசட்டும். தவறினால் வாடிக்கையாளர் முன்னால் திருத்தாதீர்கள். பெண் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பத் தயங்குகிறவர்கள் வீட்டிலிருந்தே அந்தப் போனைப் பேச வைக்கலாம். எங்கள் கூட்டத்தில் போன் பேசுவதில் முதலிடம் இரண்டு மாணவிகளுக்குத்தான்.

சம்பளச் சீட்டு வைத்திருக்கிற தொழிலாளர் சகோதரர்கள் அதன் பழைய நகல்களை எங்களுக்குத் தாருங்கள். பெயரை மை பூசி அழித்துவிட்டுத் தாருங்கள். கிராஸ் என்றால் மொத்தம், டிடக்‌ஷன் என்றால் பிடித்தம், நெட் என்றால் கைக்கு வருவது. இந்த மூன்றும் தெரியாமல் மூன்று வருடம் வேலை பார்த்தவரை எனக்குத் தெரியும். வருங்காலத் தொழிலாளிக்கு அதைவிட நல்ல ஆங்கிலப் பாடம் கிடையாது. அரசும் 2022 முதல் 'நான் முதல்வன்' என்ற திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியைச் சேர்த்திருக்கிறது. மாணவர்கள் தங்கள் பள்ளியில் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தொழிற்சாலை நிரந்தரம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டதை இந்த ஊர் பார்த்தது. எங்கள் கடைக்கு எதிரே டிபன் கடை வைத்திருந்தவர் அந்த வருடம் கடையையே காலி செய்தார். வேலை போனவர்கள் அடுத்த வாசலில் போய் மறுபடி நேர்முகத் தேர்வுக்கு நின்றார்கள். மறுபடி அதே கேள்விகள்.

முதலில் சொன்னேனே அந்த ஃபிட்டர் பையன், அவன் இப்போது ஞாயிறுகளில் வருகிறான். சிறு பிள்ளைகளோடு உட்கார முதலில் வெட்கப்பட்டான். போன வாரம் முதுகோடு முதுகு நாற்காலியில் ஒரு எட்டாம் வகுப்பு மாணவி, அவன் கதை எதுவும் தெரியாமல், 'ஹௌ டிட் யூ கம் ஹியர்?' என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பகீரென்றது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: 'பை ஷேர் ஆட்டோ. வெரி க்ரௌட். ஒன் லெக் இன்சைட், ஒன் லெக் அவுட்சைட்.' இலக்கணம் சரியா என்று சாரிடம் நான் கேட்கவில்லை.

மாடியில் இப்போது பன்னிரண்டு நாற்காலிகள்தான் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் பாய் எடுத்து வர வேண்டாம். கீழே பெயிண்ட் டப்பாக்கள் காலியாக இருக்கின்றன, கவிழ்த்துப் போட்டு உட்காரலாம். தங்கள் கல்லாவைத் தரச் சம்மதிக்கிற வணிகர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கிற நோட்டில் கடைப் பெயரையும் தோதான கிழமையையும் எழுதிவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் எழுத வேண்டாம், அன்று பிள்ளைகளுக்கு டியூஷன்.